உதவிக்கு மட்டும் ஒரு மொழி

1988ஆம் ஆண்டின் கடைசியில் நான் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சூரியன் இரண்டு மாதத்துக்கு எழும்பாத காலம் அது. மீன் தொழிற்சாலையில் வேலை. அந்த ஆண்டுகளில் அந்தக் கரையோர ஊர்கள் பலவற்றில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்குமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். மீன் வெட்டவும் பொதி செய்யவும் கைகள் தேவைப்பட்டன. எங்களுக்கோ விசாவும் ஊருக்கு அனுப்பக் காசும் தேவைப்பட்டன.

அங்கேதான் சாமி மக்களைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். நோர்வேஜிய மொழியில் ஒருவரைச் 'சாமே' என்பார்கள். எங்கள் அறையில் இருந்தவர்கள் அதைச் 'சாமி' ஆக்கிச் சிரித்தார்கள். பனிமான் மேய்ப்பவர்கள், நிறம் நிறமாக உடுத்துபவர்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் மீன்பிடித்தும் சிறு பண்ணை வைத்தும் வாழ்ந்த கரையோர மக்கள் என்பதோ, எங்களோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள் என்பதோ தெரியாது. அவர்களும் சொல்லவில்லை.

பொதி செய்யும் பகுதியில் ஒரு வயதான பெண் வேலை செய்தார். ஓய்வுக்குப் போக இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. ஒருநாள் தேநீர் நேரத்தில் நானும் மனைவியும் கதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதனோடும் இந்த மொழியில்தான் கதைப்பீர்களா?" எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேறெந்த மொழியில் கதைப்பது?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தனக்கும் வேறொரு மொழி உண்டு என்றும், இப்போது அக்காவோடு தொலைபேசியில் மட்டும் அதில் கதைப்பதாகவும் சொன்னார். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஏன் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்தில் நான் பட்டதை அவர்களும் படக்கூடாது என்று நினைத்தேன்" என்றார். மணி அடித்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவன். ஆனால் என் வகுப்பறை தமிழில்தான் இருந்தது. கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் தமிழில் படித்தேன். கச்சேரியில் எங்கள் மொழிக்கு இடமில்லை என்பது தெரியும். வகுப்பறையில் இடமில்லாமல் போவது என்றால் என்ன என்பது தெரியாது. அதை நோர்வேயின் சரித்திரத்தை வாசித்துத்தான் அறிந்துகொண்டேன்.

அந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் உலுக்கியவை இரண்டு ஆண்டுகள்: 1878, 1880.

நோர்வே ஏறக்குறைய 400 ஆண்டுகள் டென்மார்க்கோடு இணைக்கப்பட்டிருந்த நாடு. 1814இல் அந்த இணைப்பு அறுந்தபோது பள்ளிக்கூடத்தின் மொழி, தேவாலயத்தின் மொழி, சட்டத்தின் மொழி எல்லாம் டேனிஷாகவே இருந்தன. விவசாயிகளின் பிள்ளைகள் வீட்டில் பேசியது ஒன்று, புத்தகத்தில் வாசித்தது வேறொன்று. இவார் ஆசன் என்ற குடியானவர் மகன் ஊர் ஊராகச் சென்று பேச்சுவழக்குகளைத் திரட்டி, 1848இல் ஓர் இலக்கணமும் 1850இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். குடியானவனின் பேச்சு கொச்சையல்ல, அதற்கும் ஒழுங்கு உண்டு என்று அவர் காட்டினார். அந்த உழைப்பிலிருந்துதான் இன்று நீநொர்ஸ்க் எனப்படும் இரண்டாவது எழுத்துமொழி பிறந்தது.

1878இல் நோர்வே நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் எடுத்தது. மக்கள் பள்ளிகளில் கற்பித்தல் முடிந்தவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளையின் வாயிலிருந்து வருவதை ஆசிரியர் திருத்தி மாற்றக்கூடாது. ஆசிரியர்தான் பிள்ளையின் பக்கம் போகவேண்டும். அக்காலத்துக்கு இது மிகத் துணிச்சலான முடிவு. இதன் பயனை இன்றும் காணலாம். நோர்வேயில் நாடாளுமன்ற உறுப்பினர் தன் ஊர் வழக்கிலேயே உரையாற்றுவார், பேராசிரியர் தன் ஊர் வழக்கிலேயே விரிவுரை செய்வார். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1880இல், வடக்கே திரொம்சோ மறைமாவட்டத்தின் ஆசிரியர்களுக்கு ஒரு பணிப்புரை போனது. சாமிப் பிள்ளைகளும், பின்னிஷ் மொழிக் கிளையொன்றைப் பேசிய குவேன் பிள்ளைகளும் நோர்வேஜிய மொழியைப் பேசவும் வாசிக்கவும் எழுதவும் கற்கவேண்டும். அவர்களுடைய மொழி, விளங்காததை விளக்குவதற்கு ஓர் உதவியாக மட்டுமே வரலாம் என்றது அது. 1898இல், அமைச்சர் வெக்செல்சனின் பெயரால் அறியப்படும் பணிப்புரை இதை இன்னும் இறுக்கியது. வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோர்வேஜியம் விளங்காவிட்டாலும்கூட, அவர்களுடைய மொழியைத் தவிர்க்க முடியாத அளவுக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்று ஆசிரியருக்கு நினைவூட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சாமி மொழி நோர்வேஜியத்தின் வழக்கு அல்ல. அது பின்னிஷ் மொழியின் உறவுக்கார மொழி. நோர்வேஜியத்துக்கும் அதற்கும் உள்ள தூரம், தமிழுக்கும் சிங்களத்துக்கும் உள்ள தூரம் போன்றது, குடும்பமே வேறு. டேனிஷ் புத்தகத்தின் முன்னால் ஒரு நோர்வேஜியப் பிள்ளை தடுமாறியதற்காக இரங்கிய நாடு, அதைவிடப் பல மடங்கு தூரத்தில் நின்ற ஒரு பிள்ளைக்கு இரங்கவில்லை. அறியாமல் செய்தார்கள் என்று சொல்லமுடியாது. பிள்ளை தன் மொழியிலேயே நன்றாகக் கற்கும் என்ற உண்மை அவர்கள் கையில் இருந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் கோடு கிழித்தார்கள்.

ஏன் கிழித்தார்கள்? புதிதாகத் தன்னைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தேசத்தின் பயம் ஒரு காரணம். வடக்கே எல்லைக்கு அப்பால் ரஷ்யப் பேரரசும் அதன் கீழ் பின்லாந்தும் இருந்தன. எல்லையோரத்தில் வேறு மொழி பேசுபவர்களை நம்பமுடியாது என்று எண்ணினார்கள். நாகரிகத்தில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற அக்கால எண்ணம் இன்னொரு காரணம். 1851இலேயே நாடாளுமன்றம் இதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தியிருந்தது. நோர்வேஜியம் கற்பிப்பதில் நல்ல பலன் காட்டிய ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்கு மேலாக அதிலிருந்து காசு கிடைத்தது. 1902இல் காணி விதியும் கூடச் சேர்ந்தது. ஃபின்மார்க்கில் அரச காணி வாங்க, நோர்வேஜியம் பேசவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும், அன்றாடம் பயன்படுத்தவும் வேண்டும். மொழியை விடாதவனுக்கு நிலமில்லை.

1905 முதல் அரச விடுதிப் பள்ளிகள் எழும்பின. ஊர்கள் ஒன்றுக்கொன்று தூரம், பாதைகள் இல்லை; விடுதி தேவைதான். ஆனால் அந்த விடுதி, பிள்ளையை வீட்டிலிருந்தும் வீட்டு மொழியிலிருந்தும் பிரிக்கும் கருவியுமாயிற்று. ஏழு வயதுப் பிள்ளை, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத கட்டடத்தில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் தங்கியது. தண்ணீர் கேட்கவும் தெரியாது, வெளிக்குப் போகவேண்டும் என்று சொல்லவும் தெரியாது. வேதபாடத்தைப் பொருள் தெரியாமல் மனனம் செய்து ஒப்பித்தது. பல ஆண்டுகள் வகுப்பில் இருந்தும் ஒன்றும் கற்காமல் வெளியேறியவர்கள் நிறையப்பேர். பள்ளிக்கூடம் அவர்களை மந்தபுத்திக்காரர் என்றது. அவர்களும் அதை நம்பினார்கள். மீன் தொழிற்சாலையில் என்னோடு கதைத்த பெண், 1930களின் கடைசியில் அப்படியொரு விடுதிக்குப் போன பிள்ளை.

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் முன்னின்றவர்கள் பலர் ஆசிரியர்களே என்பது எனக்குப் பிடித்த செய்தி. அந்தேர்ஸ் லார்சன் என்ற சாமி ஆசிரியர் 1904 முதல் 1911 வரை சாமி மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார். 1912இல் சாமி மொழியின் முதல் நாவலை எழுதினார். தன் பிறப்பை மறைத்து நோர்வேஜியனாகிவிட முயலும் ஓர் இளைஞனின் கதை அது. இன்னோர் ஆசிரியரான இசாக் சாபா 1906இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் சாமி. தானா என்ற ஊரைச் சேர்ந்த பேர் ஃபொக்ஸ்தா, 1924இல் பாடசாலை ஆணைக்குழுவுக்கு ஒரு முழுத் திட்டத்தையே எழுதிக் கொடுத்தார். சாமிப் பிள்ளை முதலில் தன் மொழியில் எழுத்தும் எண்ணும் கற்கட்டும், நோர்வேஜியம் பிறகு வரட்டும் என்றார். 1878இல் நாடாளுமன்றம் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் அவர் சாமிப் பிள்ளைகளுக்குக் கேட்டார். நிராகரித்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காற்று மாறத் தொடங்கியது. 1959இல் சாமி மொழியில் கற்பிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1967இல்தான் சில வகுப்புகளில் பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுத்தறியத் தொடங்கினார்கள். ஃபொக்ஸ்தாவுக்கு அப்போது 77 வயது. 1979இல் அல்ட்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்துச் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தபோதுதான் நாடு முழுவதும் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அணை கட்டப்பட்டது. ஆனால் 1989இல் சாமி நாடாளுமன்றமும் திறக்கப்பட்டது. 1997இல் மன்னர் ஹரால்ட் அங்கே நின்று மன்னிப்புக் கேட்டார். 2018இல் அமைக்கப்பட்ட உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023 ஜூன் 1இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 2024 நவம்பர் 12இல் நோர்வே நாடாளுமன்றம், சாமி மக்களிடமும் குவேன் மக்களிடமும் வனப் பின்னியர்களிடமும் மன்னிப்புக் கேட்டது. 1880இலிருந்து கணக்கிட்டால் 144 ஆண்டுகள்.

அந்த அறிக்கையை நான் பல மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். அதில் 'உதவிமொழி' என்ற சொல்லைக் காணும் இடமெல்லாம் நின்றுவிடுவேன். காரணம், அதுதான் என் தொழில்.

1990களின் கடைசியில், பலரைப் போல நாங்களும் வடக்கை விட்டு ஒஸ்லோப் பக்கம் வந்தோம். நான் பள்ளிகளில் தாய்மொழி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்றால், வேறு தாய்மொழி உள்ள பிள்ளைக்கு, தேவைப்பட்டால், வழமையான வகுப்பைப் பின்தொடரப் போதிய நோர்வேஜியம் வரும்வரை தாய்மொழியில் உதவி உண்டு. வந்துவிட்டால் உதவி நின்றுவிடும். நல்ல உதவிதான், மறுக்கவில்லை. வன்னியிலிருந்து வந்த ஒரு பையன் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. கணக்கு வராது என்று வகுப்பாசிரியர் நினைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்து தமிழில் கேட்டபோது, பின்னங்களை எனக்கே திருப்பிப் படிப்பித்தான். வகுப்பாசிரியர் முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவனை வேறு கண்ணால் பார்த்தார். ஒன்றரை ஆண்டில் அவனுக்கு நோர்வேஜியம் வந்துவிட்டது. என் மணித்தியாலங்கள் வெட்டப்பட்டன. எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். தமிழ் தேவையில்லாமல் போனதுதான் அவனுடைய வெற்றி.

சாமிப் பிள்ளைக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர்கள் தங்கள் சொந்த மண்ணில் இருந்தார்கள், நாங்கள் வந்தவர்கள். எங்கள் பிள்ளை தமிழில் கதைத்ததற்காக யாரும் அடிக்கவில்லை, காணியும் மறுக்கவில்லை. வார இறுதியில் மண்டபம் எடுத்து எங்கள் விருப்பப்படி தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்த முடிந்தது. ஆனாலும் 1880இன் அந்த எண்ணம், பிள்ளையின் மொழி ஒரு ஏணி, ஏறியதும் எடுத்துவிடலாம் என்பது, இன்னும் வகுப்பறையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இதை இங்கேயே முடித்திருந்தால் அரசாங்கத்தின் மேல் ஒரு குறையாக முடிந்திருக்கும். எனக்கு அது வசதியும்கூட. ஆனால் அந்த அறிக்கை எனக்கு நினைவூட்டியது அரசாங்கத்தை மட்டும் அல்ல.

வார நாட்களில் உதவிமொழி ஆசிரியனாக இருந்த நான், வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முழு ஆசிரியன். அங்கே என் மேசையில் ஒரு நீலநிற பிஸ்கற் ரின் இருந்தது. வகுப்பில் ஒரு நோர்வேஜியச் சொல் சொன்னால் ஒரு குரோனர் அதில் போடவேண்டும். ஆண்டு முடிவில் அந்தக் காசில் எல்லோருக்கும் இனிப்பு. நான் கண்டுபிடித்ததுதான். பெற்றோர் பாராட்டினார்கள். ஒரு துடியாட்டப் பையன் வகுப்புத் தொடங்கும்போதே ஐந்து குரோனர் போட்டுவிட்டு, "சேர், இண்டைக்கு எனக்கு அஞ்சு சொல்லு" என்பான். எல்லோரும் சிரிப்போம்.

சிரிக்காத ஒரு பிள்ளை இருந்தது. ஒன்பது வயது. விடுமுறையில் மலையில் மரவீட்டில் தங்கியதைச் சொல்லத் தொடங்கியது. மரவீடு, சறுக்குக் கட்டை, பனிக்குகை, எதற்கும் அதனிடம் தமிழ்ச் சொல் இல்லை. இரண்டு வசனத்துக்குள் மூன்று குரோனர். கையில் காசு இல்லை. "பரவாயில்லை, அடுத்த கிழமை கொண்டுவாங்கோ" என்றேன், அன்பாகத்தான் சொன்னேன். அடுத்த கிழமை மூன்று குரோனர் கொண்டுவந்து போட்டது. அதன் பிறகு அது வகுப்பில் கதைக்கவில்லை. கேட்டால் தலையாட்டும். எழுத்து அழகாக எழுதும். நான் அதை அடக்கமான பிள்ளை என்று அறிக்கையில் எழுதினேன். ஒருநாள் தாயார் வந்து, "வீட்டில தமிழ்தான் கதைச்சவள் சேர், இப்ப பிழைவிட்டால் காசு எண்டு பயந்து நோர்வேஜியத்தில மறுமொழி சொல்லுறாள்" என்றார். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வரவில்லை. ரின்னை எடுத்துவிட்டேன். ஆனால் ஏன் எடுத்தேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

வடக்கின் ஆசிரியர்கள் எல்லோரும் கொடியவர்கள் இல்லை. பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான் செய்கிறோம் என்று மனதார நம்பியவர்கள் பலர். நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்குப் பின்னால் அரசோ பணிப்புரையோ இல்லை. அழியக்கூடாது என்ற பயம் இருந்தது. அவர்களுடைய மொழிக்கு ஆட்சி இருந்தது, என்னுடையதற்கு இல்லை. அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தன் வாயில் இயல்பாக வருவது குற்றம் என்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு நோர்வேஜியமும் சொந்த மொழிதான் என்பதை நான் அன்று ஏற்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு கலியாண வீட்டில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். இப்போது முப்பதை நெருங்குகிறார், மருத்துவத் தாதி. "சேர்" என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு மீதியை நோர்வேஜியத்தில் கதைத்தார். நானும் நோர்வேஜியத்திலேயே பதில் சொன்னேன். வயிற்றில் பிள்ளை இருந்தது. அந்த ரின்னைப் பற்றி நானே தொடங்கினேன். மன்னிப்புக் கேட்டேன். நினைவில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீல நிறம்" என்றார்.

பிறகு, பிள்ளை பிறந்தால் அதனோடு எந்த மொழியில் கதைப்பது என்று தெரியவில்லை, தன் தமிழ் பிழையானது என்றார். அந்த இடத்தில் எனக்கு ஃபின்மார்க்கின் தேநீர் அறை நினைவுக்கு வந்தது. பிழை என்று சொன்னவன் நான்தான், அது உங்கள் தமிழின் குறையல்ல என்றேன். தெரிந்த தமிழில் கதையுங்கள், தெரியாத இடத்தில் நோர்வேஜியத்தைப் போடுங்கள், பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும் என்றேன்.

இப்போதும் வார இறுதியில் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பிள்ளைகள் கதையை எந்த மொழியில் தொடங்கினாலும் முடிக்கவிடுகிறோம். முடித்த பிறகு, தமிழில் இல்லாத சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எல்லோருமாகத் தேடுகிறோம். போன கிழமை 'மலைக்குடில்' என்று ஒரு பையன் சொன்னான். இன்னொருத்தி அது சரிவராது, குடிலில் குளிரும் என்றாள். வகுப்பு முடியும்வரை வாதம் நடந்தது, பெரும்பாலும் தமிழில்.